பெயர் சூட்டு விழாவை முன்னின்று நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெயர் சூட்டு விழாவில் ஒரு அரை நிமிடம் உண்டு. அதுவரை பாப்பா, குட்டி, தங்கம் என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே பெயரைச் சொல்லும் அரை நிமிடம். விழாவை நடத்தித் தருபவர் வாரக்கணக்கில் செய்யும் வேலை முழுக்க அதற்காகத்தான். அந்தப் பெயர் சரியான ஒலியில், எல்லார் காதிலும் விழும்படி, சரியான ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது சொல்லப்பட்டுவிட்டால், மற்ற இடங்களில் சின்னக் குறைகள் இருந்தாலும் யாருக்கும் நினைவிருக்காது.

சமயச் சடங்காக இல்லாமல், குடும்பமே தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் விழாவைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். இதை நடத்தித் தருபவரை ஆங்கிலம் பேசும் நாடுகளில் செலிபிரன்ட் என்கிறார்கள். 1973இல் ஆஸ்திரேலியாவில் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி, மதகுருவாகவோ பதிவு அலுவலராகவோ இல்லாத பொதுமக்களைத் திருமணம் நடத்திவைக்க நியமிக்கத் தொடங்கினார். திருமணத்துக்கு அவர்களைக் கூப்பிட்ட குடும்பங்கள், பிறகு குழந்தைக்குப் பெயர் சூட்டவும், இறந்தவருக்கு விடைகொடுக்கவும் கூப்பிட்டன. தொழிலாகச் செய்பவர்கள் இப்போது பல நாடுகளில் இருக்கிறார்கள். நீங்கள் தொழில்முறை ஆளாக இருக்க வேண்டியதில்லை. "நீங்களே நடத்திக் கொடுங்க" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்ட முதல் விழாவாக இருந்தாலும் இந்த முறை உதவும்.

பதிவு வேறு, விழா வேறு

இதைப் பெற்றோரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, குழந்தை பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும், பிறந்ததிலிருந்தே பெயர் பெறும் உரிமை அதற்கு உண்டு என்கிறது. அந்தப் பதிவு அரசு அலுவலகத்தில் நடப்பது. நீங்கள் நடத்தும் விழாவால் சட்டப்படி எதுவும் மாறாது. பிறப்புப் பதிவு முடிந்துவிட்டதா, அதில் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று கேட்டு, அதே எழுத்துகளை உங்கள் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

விழாவில் நண்பர்களோ உறவினர்களோ குழந்தைக்குத் துணையிருப்பதாக வாக்குக் கொடுப்பதும் இப்படித்தான். பிரான்சில் நகர மன்றத்தில் வைத்தே சமயம் சாராத பெயர் சூட்டல் நடக்கிறது. அங்கேகூட அப்படிப் பொறுப்பேற்பவர்களின் வாக்குறுதிக்குச் சட்ட பலம் கிடையாது. 'எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருந்தால், அதற்கு உயில் எழுத வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் சந்திப்பு

விழாவுக்கு நான்கைந்து வாரம் முன்னால் சந்தியுங்கள். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பு போதும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதி நேரம் பால் கொடுப்பதிலும் துணி மாற்றுவதிலும் போகும், பரவாயில்லை. குழந்தையை அவர்கள் எப்படித் தூக்குகிறார்கள், யார் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

"இந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள்?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "பிடிச்சிருந்தது" என்ற பதில்தான் வரும். "இந்தப் பெயர் முதலில் யார் வாயிலிருந்து வந்தது? எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வந்துவிடும். எந்தப் பெயர்களை வேண்டாம் என்று விட்டீர்கள், பெரியவர்களிடம் முதலில் சொன்னபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது, நள்ளிரவில் குழந்தை அழும்போது வீட்டில் என்ன செல்லப்பெயர் வருகிறது என்றும் கேளுங்கள். உரைக்கு வேண்டிய சரக்கு இங்கேதான் இருக்கிறது.

கவனமாகக் கேட்க வேண்டியவையும் உண்டு. இதற்கு முன் கரு கலைந்திருக்கலாம், இரட்டையரில் ஒன்று இறந்திருக்கலாம். குழந்தை தத்தெடுக்கப்பட்டிருக்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டும் வளர்க்கலாம். பெயரை வைத்தே இரண்டு குடும்பத்துக்கும் இடையே மனத்தாங்கல் இருக்கலாம். "விழாவில் சொல்லக் கூடாதது ஏதாவது உண்டா? சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது உண்டா?" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். இறந்த குழந்தையைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்று அம்மா சொன்னால், அந்த வரியை எழுதி இருவரிடமும் காட்டுங்கள். இருவரும் சரி என்றால் மட்டுமே அது உரையில் இருக்கலாம்.

உறவுப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பாட்டி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், அம்மாச்சி என்றோ அப்பத்தா என்றோ அழைக்கப்படக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது தன்னைச் சொன்னதாகவே தோன்றாது. இந்தக் குழந்தை இவரை என்னவென்று கூப்பிடப்போகிறது என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டு எழுதுங்கள்.

பெயரின் ஒலி

இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். குழந்தையின் பெயர் தாளில் 'கவின்' என்று இருந்தது. அழகு என்ற பொருளுள்ள தமிழ்ப் பெயர் என்று நானே முடிவு செய்து, கடல் என்பதில் வரும் ககரத்தோடு சொன்னேன். அவர்கள் வைத்ததோ, தங்கம் என்பதில் வரும் ககரத்தோடு தொடங்கும் ஓர் ஆங்கிலப் பெயர். அகாலத்தில் இறந்துபோன நண்பருடையது. அப்பா மெதுவாகத் திருத்தினார். நான் மன்னிப்புக் கேட்டு மறுபடி சொன்னேன். ஆனால் அந்தப் பெயரை அந்தக் கூட்டம் முதலில் கேட்டது தப்பான ஒலியில். அதைத் திரும்ப எடுக்க முடியாது. இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு வரும். அதனால் எழுதிக் கொடுத்ததை நம்பாதீர்கள். பெற்றோர் இருவரையும் தனித்தனியாகப் பெயரைச் சொல்லச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். இருவரும் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வதும் உண்டு. அப்போது எது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பிறகு தினமும் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். யாழினி, தமிழரசன், கயல்விழி போன்ற பெயர்களில் ழகரம் நழுவி ளகரமாகிவிடும். பதற்றத்தில் இன்னும் சீக்கிரம் நழுவும். இரண்டு பெயர் சேர்ந்திருந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வழித்துணைவர்கள்

பெற்றோரைத் தவிர இந்தக் குழந்தையின் வாழ்க்கையில் கூட நிற்கப்போகிறவர்களை நான் வழித்துணைவர்கள் என்று சொல்கிறேன். குடும்பம் வேறு சொல் வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இரண்டிலிருந்து நான்கு பேர் போதும். எட்டுப் பேரை நிறுத்தினால் யாருக்கும் பொறுப்பு இருப்பதாகத் தோன்றாது. 'யார் மனசு கோணும்' என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்தால், விட்டுப்போனவர்களுக்கு வாசிப்பு, வரவேற்பு, புகைப்படம் என்று வேறு பங்கு கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களுக்கும் வேலை வேண்டும். பெயர் எழுதிய அட்டையைத் திறந்து காட்டுவது நல்ல வேலை. மூன்று வயதுக் குழந்தை அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அப்போது அட்டையை யார் திறப்பார்கள் என்று முன்பே பேசி வைத்திருங்கள். குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

நேரமும் இடமும்

விழா நேரத்தைக் குழந்தைதான் முடிவு செய்கிறது. மூன்று மாதக் குழந்தை தொடர்ந்து விழித்திருப்பது ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். தூங்கி எழுந்து பால் குடித்த பின் வரும் முதல் அரை மணி நேரத்துக்குள் விழா முடிந்துவிட வேண்டும். ஆகவே 20 நிமிடம், மிஞ்சினால் 25. அழைப்பில் குறித்த நேரத்துக்கும் தொடங்கும் நேரத்துக்கும் இடையே அரை மணி நேர இடைவெளி வைத்தால் குழந்தையும் விருந்தினரும் சமாளித்துக்கொள்வார்கள்.

வெளியிடம் என்றால் நிழலும், மழைக்கு மாற்று இடமும் வேண்டும். பால் கொடுக்க ஒரு தனி அறை அவசியம். ஒலிபெருக்கியைக் குழந்தை இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

உரையை அமைத்தல்

வரவேற்பு, குழந்தை வந்த கதை, ஒரு சிறு வாசிப்பு, பெற்றோரின் வாக்கு, வழித்துணைவர்களின் வாக்கு, பெயர் சூட்டல், ஓர் அடையாளச் செயல், நிறைவு. பெரும்பாலும் இந்த வரிசை பொருந்தும். பெயரைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 12ஆம் நிமிடத்தை ஒட்டி வரும்படி வையுங்கள். அதற்குள் கூட்டம் ஒன்றிவிடும், குழந்தைக்கும் பொறுமை மிச்சமிருக்கும்.

விழா மேடையில் நான் நிமிடத்துக்கு 80, 90 வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கழித்தால் எனக்கு மிஞ்சுவது 10, 12 நிமிடம்தான். ஆகவே உரை 1000 வார்த்தைக்குள் நிற்க வேண்டும்.

குழந்தையைப் பேச்சில் 'அது' என்று சொல்வது நமக்குப் பழக்கம். உரையில் வேண்டாம். இவள், இவன் அல்லது குழந்தை என்றே எழுதுங்கள். பெயர் சூட்டும்வரை குழந்தையைப் பற்றிக் கூட்டத்திடம் பேசுவேன். பெயர் சொன்ன பிறகு 'நீ' என்று குழந்தையிடமே பேசத் தொடங்குவேன். இந்தச் சின்ன மாற்றம் விழாவின் இரண்டு பாதியையும் வேறாக்கிவிடும்.

குழந்தை வந்த கதையில் பிரசவ விவரங்களை அடுக்க வேண்டாம். முதல் சந்திப்பில் கேட்டதிலிருந்து இரண்டு காட்சி போதும். 'அன்பின் சின்னம்', 'குலவிளக்கு' மாதிரி எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் சொற்களை எடுத்துவிடுங்கள். அப்பா முதல் வாரம் முழுக்க நின்றுகொண்டே தூங்கினார் என்பது இந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியது.

பெற்றோரின் வாக்கை அவர்களே எழுதினால் நல்லது. வரைவு மட்டும் நீங்கள் கொடுங்கள். 'உன்னை என்றும் கண்கலங்க விடமாட்டோம்' என்றெல்லாம் எழுதினால் அது யாராலும் காப்பாற்ற முடியாத வாக்கு. செய்யக்கூடியதைச் சொல்லட்டும். நான் அடிக்கடி கொடுக்கும் வரைவு இது:

"நீ கேட்கும் கேள்விக்குத் தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்போம். தப்பு எங்கள் பக்கம் என்றால் உன்னிடம் மன்னிப்புக் கேட்போம். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் உனக்கும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டோம். நீ எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் திறப்போம்."

கையில் குழந்தையோடு தாளைப் பார்த்துப் படிப்பது கஷ்டம். நீங்கள் மூன்று நான்கு சொல்லாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லலாம். வாய் திறந்தாலே அழுகை வரும் என்பவர்களுக்குக் கேள்வி வடிவம் சுலபம். முழுவதையும் நீங்கள் கேட்க, அவர்கள் "செய்வோம்" என்றால் போதும்.

பெயர் சூட்டும் நேரம்

எல்லாரையும் எழுந்து நெருங்கி வரச் சொல்லுங்கள். குழந்தை யார் கையில் இருக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். பெயரை முதலில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். விழா நடத்துபவரே சொல்லிவிடுவதை நான் விரும்புவதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் அவர்கள் குரலில்தான் வர வேண்டும்.

நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பல மாதம் பேசி, மாற்றி, மறுபடி பேசி, இவளுடைய அம்மாவும் அப்பாவும் கண்டுபிடித்த பெயர். அதை முதலில் இவள் முகத்தைப் பார்த்து இவளிடம் சொல்லட்டும். பிறகு நம்மிடம் சொல்லட்டும்."

அவர்கள் சொன்னதும் உடனே பேசாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு அக்காவோ அண்ணனோ அட்டையைத் திறக்கட்டும். நீங்கள் பெயரை ஒருமுறை நிதானமாகச் சொல்லி, "இப்போது எல்லாரும் சேர்ந்து கூப்பிடுவோம்" என்று கையை உயர்த்துங்கள். முதல் தடவை கலைந்துதான் வரும். சிலருக்குக் கூச்சம், சிலருக்குச் சரியாகக் காதில் விழுந்திருக்காது. இரண்டாம் தடவை சத்தம் சேர்ந்துவிடும். சத்தத்தில் குழந்தை திடுக்கிடலாம். ஆகவே உயர்த்திய கையைத் தாழ்த்திக்கொண்டே, மென்மையாகக் கூப்பிடலாம் என்று காட்டுங்கள்.

கூப்பிடுவதற்கென்றே நம் இலக்கணத்தில் ஒரு வேற்றுமை இருக்கிறது, எட்டாம் வேற்றுமை, விளி. கயல்விழி கயல்விழீ ஆவாள், தமிழரசன் தமிழரசா ஆவான். தாளில் இருந்த பெயர், வாயில் கூப்பிடும் பெயராக மாறுவது இந்த நொடியில்தான். கூப்பிடும்போது பெயர் எப்படி நீளும் என்று வீட்டாரிடம் கேட்டு, அப்படியே கூப்பிடச் செய்யுங்கள்.

குழந்தைக்குச் சில மாதம் ஆகி, பெயர் எல்லாருக்கும் ஏற்கனவே தெரிந்திருந்தால்? புதிதாக அறிவிப்பது போல நடிக்க வேண்டாம். "இந்தப் பெயரை நாம் தனித்தனியாகக் கூப்பிட்டிருக்கிறோம். சேர்ந்து கூப்பிட்டதில்லை" என்று சொல்லித் தொடங்குங்கள். மேலே சொன்ன வரிகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அடையாளச் செயல்

ஒன்று போதும். மரக்கன்று நடலாம், கைத்தடம் எடுக்கலாம், வந்தவர்கள் குழந்தைக்கு எழுதிய வரிகளை ஒரு பெட்டியில் சேர்க்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். மரக்கன்று என்றால், அந்த வீட்டை விட்டுப் போக நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசிக்கச் சொல்லுங்கள். தொட்டியில் வைப்பது நல்லது. கைத்தடத்தை முந்தின நாளே எடுத்துவிட்டு, விழாவில் மற்றவர்கள் கைத்தடத்தை அதைச் சுற்றி வைக்கலாம். இறுக்கி மூடிய குட்டிக் கையைக் கூட்டத்தின் நடுவே விரிக்கப் பார்த்தால் அழுகையில்தான் முடியும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெருப்பு, குழந்தையைத் தூக்கியிருப்பவரின் கைக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். வாயில் எதையாவது தொட்டுவைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரியால் குழந்தைகளுக்கு பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருமல், சளி உள்ளவர்கள் குழந்தையைத் தூக்குவதும் முத்தமிடுவதும் வேண்டாம் என்பதை வரவேற்பிலேயே அன்பாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் நேரில் சொல்லத் தயங்குவார்கள். நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விழா நாள்

முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மைக்கைச் சோதியுங்கள், வாசிப்பவர்களை நிற்கும் இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். உரையைப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு பகுதியும் தனித்தாளில் இருக்கும்படி அச்சடித்துக்கொள்ளுங்கள். பெயர் சூட்டும் பகுதிக்கு மட்டும் வேறு நிறத் தாள். குழந்தை ஏழாம் நிமிடமே சிணுங்கத் தொடங்கினால் நேராக அந்தத் தாளை எடுத்துவிடலாம். பெயர் முடிந்த பிறகு, அம்மாவோ அப்பாவோ குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனாலும் வாக்குகளும் மற்றவையும் நிம்மதியாக நடக்கும்.

குழந்தை அழுதால் குரலை உயர்த்தி அதோடு போட்டி போடாதீர்கள். நிறுத்துங்கள், பெற்றோரைப் பாருங்கள், "நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு நிமிடம் அம்மாவுக்குத்தான் மிக நீளம். அவள் பதறாமல் இருப்பதற்கு நீங்கள் நிதானமாக நிற்பதே உதவும். தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். தூங்கும் குழந்தைக்கும் பெயர் சூட்டலாம், கூப்பிடுவதை மட்டும் மெதுவான குரலில் வைத்துக்கொள்ளலாம்.

படம் எடுப்பவர்களிடம் ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்லுங்கள். படங்களை இணையத்தில் போடலாமா என்பதைப் பெற்றோரிடம் முன்பே கேட்டு, அவர்கள் முடிவை வரவேற்பில் அறிவித்துவிடுங்கள்.

விழா முடிந்த பிறகு

நினைவுச் சான்றிதழ் ஒன்றில் பெற்றோரும் வழித்துணைவர்களும் நீங்களும் கையெழுத்திடுங்கள். அது நினைவுக்கானது மட்டுமே, பிறப்புச் சான்றிதழ் அல்ல என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும். பெயரை ஒலிப்பதிவு செய்தீர்களே, அந்தக் கோப்பை அவர்களுக்கு அனுப்பிவிட்டு உங்கள் ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஒரு வாரத்துக்குள் உரையின் நல்ல பிரதியை அனுப்புங்கள். கடைசிப் பக்கத்தில் அன்று நடந்ததை உங்கள் கையெழுத்தில் குழந்தைக்கே எழுதுங்கள். தேதி, இடம், யார் தோளில் இருந்தாள், அட்டையைத் திறந்தது யார், கூட்டம் முதல் தடவை எப்படித் தடுமாறியது, எந்த வரியில் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவள் எப்போது தூங்கிப்போனாள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.